முதல் கைதுக்கு யார் போகிறார்கள்?

கொழும்பு வடக்கில் ஒரு பையனைப் பொலிஸார் முதன்முறையாகப் பிடித்துச் செல்லும் இரவில், அவனுடைய தாயின் தலையில் பல தேவைகள் ஒன்றாக வந்து விழுகின்றன. விடிந்ததும் புதுக்கடை நீதிமன்றத்தில் அவனுக்காகப் பேச ஒரு சட்டத்தரணி வேண்டும். பிணை கிடைத்தால் கையொப்பமிடுவதற்கு நிரந்தர முகவரியும் வருமானமும் உள்ள ஆட்கள் வேண்டும். பிணை கிடைக்காவிட்டால், விளக்கமறியலுக்குள் மகன் அடிபடாமல் இருப்பதற்கு அங்கே யாருடைய தயவாவது வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்தால் இவற்றில் ஒன்றைக்கூட அந்த இரவுக்குள் தேடிக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் தரக்கூடிய ஒருவர் பெரும்பாலும் அந்தத் தோட்டத்திலேயே, அதாவது அறைகள் நெருங்கிக் கிடக்கும் அந்தக் குடியிருப்பிலேயே, இருப்பார். அவர் கேட்காமலே தருவார். கொடுத்ததைப் பணமாகத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். பாதாளக் குழுக்கள் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் வழிகளில் இதைவிட உறுதியான ஒன்றை நான் கண்டதில்லை.

நான் இந்தப் பகுதியில் தமிழ்மொழிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, புளூமெண்டல், முகத்துவாரம், மட்டக்குளி என்று செய்தியில் வரும் பெயர்கள் எல்லாம் எனக்கு மாணவர்களின் முகவரிகள். என்னிடம் கூட்டல் கழித்தல் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று துறைமுகத்திலும், புறக்கோட்டைக் கடைகளிலும், வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கிறார்கள். சிலர் சிறையில் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே அறிவிலோ குணத்திலோ பெரிய வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. சரியான நேரத்தில் யார் வந்து பக்கத்தில் நின்றார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

2025 பெப்ரவரி 19 அன்று, புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்குள், நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டிருந்த, பாதாளக் குழுத் தலைவராகக் கருதப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவர் சட்டத்தரணியைப் போல உடையணிந்து வந்த ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி, பக்கங்கள் வெட்டியெடுக்கப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. அந்தச் செய்தியின் அதிர்ச்சி அடங்குவதற்குள் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகக் கைதான இரண்டு சந்தேக நபர்களும் சில மணிநேரங்களில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. ஓகஸ்ட் மாதம் இன்னொரு பாதாளக் குழுத் தலைவராகக் கருதப்படும் கெஹெல்பத்தர பத்மே உள்ளிட்ட சிலர் ஜகார்த்தாவில் பிடிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். கட்டளை வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வருகிறது, பணம் இன்னொருவர் கையால் வருகிறது, மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து சுடுகிறவன் தான் யாரைச் சுடுகிறோம் என்றே சில நேரம் அறியாத, ஐஸ் என்ற போதைப்பொருளுக்கு அடிமையான ஓர் இளைஞன். கட்டளையிடுகிறவரை இந்தோனேசியாவரை போய்ப் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். ஆனால் பின்னிருக்கையில் ஏறத் தயாராக இருக்கும் அடுத்த பையன் நம் தெருவில் இருக்கிறான். அவனைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

அரசின் விடை எப்போதும் ஒரே வகையில் அமைகிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைது செய்யப்பட்டதாகக் கூறப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்துமாறு 2024 ஜனவரியில் கேட்டுக்கொண்டார்கள். 2025 ஒக்டோபர் இறுதியில் போதைப்பொருளுக்கு எதிராக ‘முழு நாடுமே ஒன்றாக’ என்ற தேசிய செயற்றிட்டம் தொடங்கப்பட்டது. அதில் புனர்வாழ்வு பற்றிய பேச்சு முன்னையதைவிட அதிகமாக இருப்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் தோட்டத்து மக்கள் இத்தகைய நடவடிக்கைகளை உணரும் விதம் மாறவில்லை. விடியற்காலையில் வீதியை மறிக்கிறார்கள், மோப்ப நாயுடன் வீடுவீடாக ஏறுகிறார்கள், கையில் சில மில்லிகிராம் வைத்திருந்தவனையும் சட்டைப்பையில் வெறும் தாள் சுருள் வைத்திருந்தவனையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறார்கள்.

அந்த வண்டி போய்ச் சேரும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் சிறைகளில் அவை தாங்கக்கூடிய அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியல் கைதிகள். ஹெரோயின் அல்லது ஐஸ் தொடர்பான கடுமையான பிரிவுகளில் குற்றஞ்சாட்டப்பட்டால், பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்குத் தனியாகச் சட்டத்தரணிக் கட்டணம் வேண்டும். பிடிபட்ட பொருள் போதைப்பொருள்தானா என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை உறுதிசெய்யும்வரை வழக்கு நகராது, அறிக்கையோ மாதக்கணக்கில் தாமதமாகும். இந்த மாதங்களில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், காலை நீட்டிப் படுக்க இடமில்லாத ஒரு கூடத்தில், கொலை வழக்குகளுக்காகக் காத்திருப்பவர்களுடன் வாழ்கிறான். அங்கே சவர்க்காரத்துக்கும், படுக்கும் இடத்துக்கும், வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கும் அவன் யாருக்காவது கடன்படுகிறான். வெளியே தாய் பட்ட கடனும் உள்ளே மகன் பட்ட கடனும் ஒரே குழுவின் கணக்கில் சேர்ந்துவிட்டால், அவன் வெளியே வரும் நாளில் அவனுக்கென்று ஒரு வேலை காத்திருக்கும். முதலில் ஒரு பொதியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். பிறகு ஒருவர் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வருகிறார் என்று பார்த்துச் சொல்லச் சொல்வார்கள்.

தண்டனையைக் கடுமையாக்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். இரண்டு கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்ற சட்டம் 1984 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஐந்து கிராம் ஐஸுக்கும் அதே தண்டனை என்று 2022 இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்த நாற்பது ஆண்டுகளில்தான் ஹெரோயின் துறைமுகத்தை அண்டிய சில சந்துகளிலிருந்து நாட்டின் ஒவ்வொரு நகரத்துக்கும் பரவியது.

நம் பகுதியின் வரலாற்றை அறியாமல் இந்தக் கடனின் வேரைப் புரிந்துகொள்ள முடியாது. துறைமுகத்துக்கும், புறக்கோட்டைக்கும், மாநகர சபையின் துப்புரவு வேலைக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் குடியிருக்க இடம் எவரும் ஒதுக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும், கிராமங்களிலிருந்து வந்த சிங்களவரும், முஸ்லிம்களும் கால்வாய்க் கரைகளிலும் பழைய மாளிகைகளின் பின்புறத் தோட்டங்களிலும் அறைகள் கட்டிக்கொண்டார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கின்படி கொழும்பில் இப்படிப்பட்ட ஏறத்தாழ 1,500 குடியிருப்புகளில் சுமார் 68,000 குடும்பங்கள் வாழ்ந்தன. நகரத்தைக் கூட்டிப் பெருக்கி, சுமை தூக்கி, சமைத்துப் போடுகிறவர்கள் அவர்கள். ஆனால் தோட்டத்தின் பெயர் முகவரியில் இருந்தால் வேலைக்கான விண்ணப்பம் திரும்பி வருகிறது. முதலாம் வகுப்பு அனுமதிக்குக் காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் கேட்கும் பாடசாலைகளின் கதவு இந்தப் பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. என் மாணவர்களில் பலர் வேலை தேடும்போது அத்தையின் வத்தளை முகவரியை எழுதினார்கள். ஒரு பையன் நேர்முகத் தேர்வில் தன் உண்மையான முகவரியைச் சொன்னதற்குப் பிறகு, அங்கிருந்தவர்கள் கேட்டது அவனுடைய கணக்குப் பெறுபேற்றைப் பற்றி அல்ல, அந்தத் தோட்டத்தில் இன்ன ஆளைத் தெரியுமா என்பதைப் பற்றி. க.பொ.த. சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில் சித்தியடைந்து, அதற்காக இரவெல்லாம் தெருவிளக்கின் கீழ் படித்த ஒருவனிடம் அதைக் கேட்பது கொடுமை.

பின்னர் தொடர்மாடிகள் வந்தன. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டு, தோட்டங்கள் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 400 சதுர அடி கொண்ட வீடுகளுக்கு மக்கள் மாற்றப்பட்டார்கள். வெள்ளமும் குப்பையும் இல்லாத, தனிக் கழிவறை உள்ள வீட்டின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்ததைக் கண்ட எவரும் பழைய வாழ்வை அழகாக்கிப் பேச முடியாது. ஆனால் அந்த மாற்றத்தில், ஒரே தோட்டத்தில் மூன்று தலைமுறையாக ஒருவரை ஒருவர் அறிந்திருந்தவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்கும் மாடிகளுக்கும் பிரிக்கப்பட்டார்கள். தோட்டத்தில் அந்நியன் ஒருவன் நுழைந்தால் குழாயடியில் நிற்கும் பெண்கள் யாரென்று கேட்பார்கள்; எட்டாவது மாடியின் இருண்ட நடைபாதையில் நிற்கும் ஒருவனை யாரும் கேட்பதில்லை. வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண்களுக்கு மாடியில் வாசல் இல்லை. 2022 இல் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது வீட்டுத் தவணையும் மின்கட்டணமும் சேர்ந்து அந்தக் குடும்பங்களை நசுக்கின. மீற்றர் வட்டிக்குக் கொடுப்பவர்கள் அந்த ஆண்டில் ஏறிய மாடிகளை இன்னும் இறங்கவில்லை.

துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பது தோட்டத்து மக்களின் குற்றமே அல்ல. ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாளக் குழுக்களின் கைக்குப் போயிருந்ததாக ஜனாதிபதியே 2025 இல் வெளிப்படையாகக் கூறினார். போர்க்காலத்தில் படையைவிட்டுத் தப்பியோடியவர்கள் ஆயுதப் பயிற்சியையும் கொண்டுவந்தார்கள். கட்சிகள் சுவரொட்டி ஒட்டவும் எதிரணியின் கூட்டத்தைக் கலைக்கவும் தோட்டத்துப் பையன்களைத் தேடி வந்தன. அரசியல்வாதியின் நிழலில் நிற்பவனைப் பொலிஸார் தொடமாட்டார்கள் என்ற பாடத்தை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே கற்றார்கள். 2011 ஒக்டோபரில், உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று, அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருக்கு 2021 இல் ஜனாதிபதியின் பொதுமன்னிப்புக் கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை 2024 ஜனவரியில் செல்லுபடியற்றதாக்கும்வரை, என் வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு நீதி என்பதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. 2007 ஜூன் 7 அன்று கொழும்பின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இளைஞர்கள் கப்பத்துக்காகக் கடத்தப்பட்டுக் காணாமற்போனதையும் எங்கள் தாய்மார் மறக்கவில்லை. அந்தக் கடத்தல்களுக்காகக் கடற்படையினர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. எனவே தெருவில் ஒரு குழு கப்பம் கேட்டாலும் பொலிஸ் நிலையத்துக்குப் போக அவர்கள் தயங்குகிறார்கள். போனாலும் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்படாமல் கையொப்பம் வாங்கப்படுவதை நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 1987 ஆம் ஆண்டிலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழும் எங்கள் உறவினர்கள் இவற்றையெல்லாம் “அந்தப் பக்கத்துப் பிரச்சினை” என்று பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பக்கத்திலும் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்தாம்.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்கும்போது, புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டும் என்றே எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எங்கள் தோட்டங்களில் ஏற்கனவே ஓர் அமைப்பு இருக்கிறது. அது மரண உதவிச் சங்கம். இனம், மதம், கட்சி பார்க்காமல் வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வாங்கி, ஒரு சாவு விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் பந்தலும் நாற்காலியும் தேநீரும் பெட்டிக்கான பணமும் கொண்டுவந்து வைக்கும் சங்கம். அதன் பொருளாளர் கணக்கில் ஒரு ரூபாய் தவறினாலும் தோட்டமே கேட்கும். அரசாங்கத்தையோ தொண்டு நிறுவனத்தையோ நம்பாதவர்களும் அதை நம்புகிறார்கள். பிள்ளை செத்த பிறகு ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் சங்கம், பிள்ளை பிடிபட்ட இரவில் ஏன் வரக்கூடாது என்பதே என் கேள்வி.

அந்த இரவில் தேவைப்படுவது பெருந்தொகை அல்ல. பொலிஸ் நிலையத்துக்குத் தாயுடன் போக இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவராவது சிங்களம் வாசிக்கத் தெரிந்தவராக வேண்டும். காலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் வாசலில் நிற்க ஒருவர் வேண்டும். 1978 இல் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழு வறியவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்து தருகிறது என்பது தோட்டங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. பிணைக்குக் கையொப்பமிட, வருமானச் சான்று உள்ள சிலரின் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும். மாநகர சபை ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள் எங்களிடம் இல்லாமல் இல்லை. விளக்கமறியலில் இருக்கும் பையனை வாரம் ஒருமுறை ஒருவர் பார்த்துவந்தால், அவன் தனி ஆள் அல்லன் என்பது உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும். 1999 ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவைக்கு இடமளிக்கிறது. அந்தச் சேவையை மேற்பார்வை செய்யத் தயாராக இருக்கும் ஒரு சங்கம் நீதவானின் முன்னால் வந்து நின்றால், அவருக்கும் அந்த வழியைத் தேர்வது எளிதாகும் என்று நான் நம்புகிறேன்.

கடனுக்கும் நம்மிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கொழும்பின் தோட்டங்களில் பெண்கள் 1989 இல் சிறு சேமிப்புக் குழுக்களாகத் தொடங்கிய பெண்கள் வங்கி, வட்டிக்காரனிடம் போகாமல் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நாடு முழுவதும் வளர்த்தது. அதற்கு முன்பே, 1980களின் வீடமைப்புத் திட்டங்களின்போது, சமூக அபிவிருத்தி சபைகள் மூலம் தோட்டத்து மக்களே வடிகாலும் குழாயும் கழிவறையும் அமைத்துக் காட்டினார்கள். இந்த மக்களுக்குப் பொறுப்பெடுக்கத் தெரியாது என்று சொல்கிறவர் அந்த வரலாற்றைப் படிக்கவில்லை.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், கத்திக்குத்துகள் பெருகியிருந்த காலத்தில், 2005 இல் பொலிஸாரே வன்முறையைக் குறைப்பதற்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். குழு இளைஞர்களை ஒரு நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னால் பொலிஸ் அதிகாரியையும், காயங்களைத் தைக்கும் மருத்துவரையும், மகனைப் பறிகொடுத்த தாயையும் பேசவைத்தார்கள். கையோடு, விலகி வர விரும்புகிறவர் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணையும், அழைத்தவருக்குப் படிப்பும் வேலையும் பெறும் வழியையும் கொடுத்தார்கள். அந்த நகரத்தில் நம்முடைய ரி-56 இல்லை, டுபாயிலிருந்து வரும் கட்டளையும் இல்லை. ஆகவே அதை அப்படியே இங்கே எடுத்து நடலாம் என்று சொல்லமாட்டேன். அதில் நான் எடுத்துக்கொள்வது அந்தத் தாயை.

ஏனெனில் அடுத்த கொலை முடிவாவது பெரும்பாலும் முந்தைய கொலையின் சாவு வீட்டில். சுடப்பட்டவனின் தம்பியும் நண்பர்களும் இரண்டு இரவு தூக்கமின்றி அங்கே இருக்கிறார்கள். பெரிய பதாகைகள் கட்டப்படுகின்றன, டிக்டொக்கில் பழிவாங்கும் பாடல்களுடன் படங்கள் சுற்றுகின்றன, வெளியிலிருந்து வந்தவர்கள் பையன்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அந்த இரண்டு இரவும் அந்த வீட்டில் உரிமையோடு இருக்கும் ஒரே பொது அமைப்பு மரண உதவிச் சங்கம்தான். கட்டிய பந்தலுக்குள் என்ன பேசப்படுகிறது என்பதில் சங்கத்துக்கு அக்கறை இருக்க வேண்டும். தம்பியை அன்றிரவே திருகோணமலையிலோ ஹற்றனிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம். அடுத்த மாதம் அவனுக்கு ஒரு பயிற்சி நெறியில் இடம் தேடலாம். கோயில் மண்டபமும், தேவாலயத்தின் மேல்மாடியும், பள்ளிவாசலின் வகுப்பறையும் கிழமையில் ஐந்து நாள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. பதினாறு வயதில் படிப்பை விட்டவர்களுக்கு அவை திறக்கப்பட வேண்டும். புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியையும், தங்கள் கடையில் ஒரு வேலையையும் இந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

அடிமையானவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கமையில் சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்துகிறது. விரும்பிச் சிகிச்சைக்குப் போகிறவனுக்கும், பிடித்து அடைக்கப்பட்டு கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறவனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தமிழில் ஆலோசனை சொல்லக்கூடியவர்களை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அமர்த்துமாறு நாம் மாநகர சபை உறுப்பினர்களையும் பாராளுமன்ற உறுப்பினர்களையும் இடைவிடாமல் கேட்க வேண்டும். ஆயுதத்தைத் தேடிப் பிடிப்பது, கடல்வழிக் கடத்தலை மறிப்பது, தம் சீருடைக்குள் இருக்கும் கூட்டாளிகளைக் கண்டுபிடிப்பது ஆகியவை அரசின் வேலை. அவற்றைச் செய்யுமாறு ஒரு மரண உதவிச் சங்கத்தைக் கேட்பது அநியாயம்.

எங்கள் பகுதிச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், யாப்பில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் முன்மொழிந்திருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும் இருபத்தைந்து வயதுவரை முதன்முறை கைதாகிறவர்களும் அதில் அடங்குவார்கள். பொருளாளர் அண்ணன் தயங்குகிறார். “டீச்சர், நாளைக்கு உண்மையிலேயே வித்தவனுக்கும் நாங்க போய் நிக்கணுமா?” என்று கேட்டார். நிற்க வேண்டும் என்றேன். அவன் விற்றானா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அதுவரை அவனுடைய சட்டத்தரணிக்கும் சவர்க்காரத்துக்கும் பணம் கொடுப்பது யார் என்பதை மட்டும் நாங்கள் தீர்மானிப்போம் என்று சொன்னேன். சங்கத்து ஆட்களுக்கு மிரட்டல் வந்தால் என்ன செய்வது என்று இன்னொரு அக்கா கேட்டார். அது நியாயமான பயம். அதனால்தான் இருவராகப் போக வேண்டும், ஒரே ஆட்கள் தொடர்ந்து போகக்கூடாது, கோயில் ஐயரும் பங்குத்தந்தையும் மௌலவியும் முறைவைத்துக் கூடவர வேண்டும் என்ற மூன்று விதிகளையும் முன்மொழிவில் சேர்த்திருக்கிறேன். பங்குத்தந்தையும் மௌலவியும் சம்மதித்துவிட்டார்கள். ஐயரிடம் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பேசப் போகிறோம். பொருளாளர் அண்ணனும் என்னுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.